சத்தம் நின்ற சக்கரம்

"இது விபத்து இல்ல, கொலை" என்று சொன்னவர், அதைச் சொல்லும்போது ஒரு மெல்லிய கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் சுருதிக்காரர் என்பார்கள். பியானோக்களைப் பழுது பார்த்துச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். வேலை அறையில் பழைய பியானோக்கள் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றன. அவருடைய ஒரே மகள் இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது ப்ரேக் பிடிக்காமல், வளைவில் இருந்த கற்சுவரில் அவளுடைய பழைய கார் மோதியிருந்தது. வண்டியில் அவள் மட்டும்தான்.

எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் இருப்பதே இரண்டு பேர். முதலாளி கண் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். "நீதான் சாயங்கால வகுப்புல கார் மெக்கானிசம் படிக்கிறியே, போய்ப் பாரு" என்று கட்டுப் போட்ட கண்ணோடு அனுப்பிவிட்டார். வகுப்பில் ப்ரேக் பாடம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துணைக்குக் கொக்கியை அழைத்து வந்திருந்தேன். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரியின் ஓட்டுநர். அந்தக் காரைச் சுவரிலிருந்து பிரித்து, அடிபட்ட வண்டிகளை நிறுத்தும் யார்டுக்கு இழுத்துப் போனதும் அவர்தான். என்னைக் காலேஜ் என்றுதான் கூப்பிடுவார். எந்த நேரத்திலும் அவர் வாயில் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்று காலையில் மட்டும் அறைக்குள் நுழைந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தார்.

"யார் மேல சந்தேகம், சார்?" என்று கேட்டேன்.

"சந்தேகம் இல்லம்மா. தெரியும். என் மாப்பிள்ளை."

கையிலிருந்த குறட்டால் கம்பியை ஒரு நூல் அளவுக்கு அழுத்தினார். நீளமான மூக்குள்ள, ஒடிசலான குறடு. கம்பி ஒரு புருவத்தைப் போல வளைந்தது. பியானோவுக்குள் ஒவ்வொரு தந்திக்கும் மேலே சத்தத்தை அடக்கும் ஒரு சின்ன மெத்தை உண்டு. அதைத் தாங்கும் கம்பி அது. கம்பி கொஞ்சம் சாய்ந்தாலும் மெத்தை சரியாக உட்காராது. தந்தி நிற்காமல் முனகிக்கொண்டே இருக்கும்.

"லிஃப்ட் மெக்கானிக் அவன். ப்ரேக், மோட்டார் எல்லாம் அத்துபடி. காரியம் முடிஞ்ச மறுநாளே யார்டுக்குப் போய் சக்கரத்தக் கழட்டி எதையோ எடுத்துட்டுப் போயிருக்கான். காவல்காரர் பாத்திருக்காரு. எதுக்குடா போனன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். குத்தம் பண்ணாதவன் எதுக்குக் குனியணும்?"

கொக்கிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அந்தக் குறட்டுக்குப் பல்லே இல்லையே சார். வயசாயிடுச்சோ?"

நான் அவரை முறைத்தேன். சுருதிக்காரர் கோபப்படவில்லை. குறட்டின் வழுவழுப்பான தாடையை விரித்துக் காட்டினார். "பல்லு இருந்தா கம்பியில தழும்பு விழும். தழும்பு விழுந்த எடத்துல ஒருநாள் முறியும். நான் எதையும் தழும்பு விழாம வளைப்பேன்."

என்ன கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த முறையை நினைவுபடுத்திக்கொண்டேன். வண்டி கடைசியாக என்ன சத்தம் போட்டது என்பதுதான் முதல் கேள்வி. இவரைவிட நல்ல காது எங்கே கிடைக்கும்?

"வண்டியில ஏதாவது சத்தம் கேட்டுச்சா, சார்?"

"பின்பக்கம் ஒரு ஊளை இருந்துச்சு. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். பேரிங் போயிடுச்சு, மாத்தணும்னு மாப்பிள்ளை சொல்லிக்கிட்டே இருந்தான். பழைய வண்டி, பார்ட்டு கிடைக்கலையாம்."

"வேற?"

"அதுக்கு முன்னால முன்பக்கம் ஒரு கீச்சு இருந்துச்சு. மேல் சுரத்துல ஒரே ஒரு தந்தி தனியா அழுவுற மாதிரி. அது அப்பவே சரியாயிடுச்சு." கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன். புகார் குடுத்துட்டு, பேத்தியக் கூட்டிட்டு வந்துடுவேன். தாயக் கொன்னவன் வீட்டுல அந்தப் புள்ள இனி ஒரு ராத்திரி தூங்கக் கூடாது. அதுக்குள்ள நீங்க பாத்துச் சொல்லணும். எதா இருந்தாலும் மழுப்பாம சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

யார்டில் அந்தக் கார் மற்ற வண்டிகளிலிருந்து விலகி, வேலியோரம் நின்றது. இடது முன்பக்கம் காகிதம் போல மடிந்திருந்தது. பின் இருக்கையில் குழந்தை உட்காரும் சிறிய இருக்கை அப்படியே இருந்தது. அதன் வாரில் ஒரு துணி முயல் கட்டித் தொங்கியது. நான் பார்வையைச் சக்கரங்களுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இங்க நிக்கிற எல்லா வண்டியும் ஒரே கதையத்தான் சொல்லும், காலேஜ். எம்மேல தப்பில்ல, எதிர்ல வந்தவன் மேலதான் தப்புன்னு."

"சுவர் எதிர்ல வராதே, அண்ணா."

"அதான் இது மட்டும் வாயத் தொறக்காம நிக்குது."

அவர் ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். நான் இடது சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, மேலே இருந்த சுருள்வில்லில் உள்ளங்கையை வைத்தேன். நல்ல பேரிங் என்றால் கைக்கு எதுவும் தெரியாது. இதில் மணலை மென்று தின்பது போல ஒரு நடுக்கம் விரல் வழியாக ஏறியது. ஊளை இங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் பேரிங் முனகினால் ப்ரேக் போகாது. என் கணக்கு சரிதானா என்று வலது பக்கத்தையும் சுழற்றிப் பார்த்துக்கொண்டேன். அது அமைதியாகச் சுற்றியது.

அடுத்து ப்ரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்களைத் தடவிக்கொண்டே போனேன். சுருதிக்காரர் மனதில் இருந்தது இதுதான்: இருட்டில் யாரோ கத்தியால் குழாயை அறுத்திருக்க வேண்டும். குழாய் எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"கொலைக் கேஸ் கையவிட்டுப் போகுதே" என்றார் கொக்கி.

"முன்பக்கம் வலதைத் தூக்குங்க, அண்ணா."

அந்தச் சக்கரத்தின் திருகுகள் பாதி மட்டுமே முறுக்கப்பட்டிருந்தன. கழற்றியவர் அவசரத்தில் மாட்டியிருக்கிறார். சக்கரத்தை எடுத்ததும் உள்ளே ப்ரேக் தட்டு தெரிந்தது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க வேண்டிய ப்ரேக் பேடுகள் இரண்டையும் காணோம். மாப்பிள்ளை எடுத்துப் போனது அவற்றைத்தான்.

"திருடன் திருடுறதுலயும் ஒரு ரசனை வேணும்" என்றார் கொக்கி. "ஸ்டீரியோவ விட்டுட்டு தேஞ்ச பேடத் தூக்கிட்டுப் போன ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்."

தட்டின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. கையைப் பின்னால் நுழைத்து உள்பக்கத்தைத் தடவியதும் விரல் தடுக்கியது. கைபேசியின் விளக்கை அடித்துப் பார்த்தேன். பழைய இசைத்தட்டைப் போல வட்ட வட்டமாக ஆழமான வரிகள். உள்பக்கத்துப் பேட் கடைசிப் பொடி வரை தேய்ந்துபோய், இரும்பு இரும்பை உரசியிருக்கிறது. பேடை அழுத்தும் பிஸ்டன் வர வேண்டிய தூரத்தைத் தாண்டி வெளியே வந்து, எண்ணெய் முழுவதையும் சக்கரத்துக்குள் கொட்டியிருந்தது. இறக்கத்தில் அவள் காலை வைத்து அழுத்த அழுத்த, பெடல் வெறுமையில் இறங்கியிருக்கும்.

"ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்?" என்று கொக்கி குனிந்தார்.

இரண்டு பேடுகளையும் பிடித்திருக்கும் கவ்வியைத் தாங்கும் ஊசியை அசைத்துப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. கவ்வி இப்படியும் அப்படியும் நகர முடியாததால் உள்பேட் மட்டுமே எல்லா வேலையையும் செய்து தேய்ந்திருக்கிறது. வெளியே நின்று சக்கரத்தின் ஓட்டைகள் வழியாகப் பார்க்கிறவனுக்கு வெளிப்பேட்தான் தெரியும். அது தடிமனாக, ஆரோக்கியமாக இருந்திருக்கும்.

"அப்ப யாரும் ஒண்ணும் பண்ணல. துருதான் கொலைகாரன். புடிச்சு உள்ள போடச் சொல்லுவோம்" என்றார் கொக்கி.

நானும் அப்படித்தான் முடித்திருப்பேன். ஆனால் போன வாரத்து வகுப்பில் பேடின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன இரும்புத் தகட்டைக் காட்டினார்கள். நாக்கு மாதிரி இருக்கும். அது சும்மா இருப்பதற்காக வைக்கப்பட்டதில்லை. பேட் ஆபத்தான அளவுக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு தட்டைத் தொட்டு, காது கூசும்படி கீச்சிடும். என்னை மாற்று என்று வண்டி கத்துவது அப்படித்தான்.

முன்பக்கம் ஒரு கீச்சு. ஒரே ஒரு தந்தி தனியாக அழுவது போல. அது அப்பவே சரியாயிடுச்சு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன காலேஜ், மயக்கமா?"

"அண்ணா, பேடை மாத்தினா கீச்சு நிக்கும். இவங்க மாத்தல. தேஞ்ச பேட் தானா வளராது. அப்புறம் எப்படி நின்னுச்சு?"

கொக்கி சிரிக்கவில்லை. "யாரோ நிறுத்தியிருக்கான்."

"அந்த நாக்க யாரோ தட்டுல படாம பண்ணியிருக்காங்க. அதுக்கு அப்புறம் இரும்பு உரசினப்ப வந்த சத்தம், பின்னால இருந்த பேரிங் ஊளையோட கலந்துபோச்சு. பேரிங்தானே, பார்ட்டு வந்ததும் மாத்திக்கலாம்னு அவங்க ஓட்டியிருக்காங்க."

"பேரிங்தான்னு சொன்னது யாரு? பேட எடுத்து மறைச்சது யாரு?" கொக்கி கையைத் துடைத்துக்கொண்டார். "கிழவர் சொன்னது சரிதான். அவன் வளைச்சிருக்கான்."

எல்லாம் பொருந்தியது. எனக்குப் பிடிக்காத அளவுக்குப் பொருந்தியது. சுருதிக்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அது அப்போது என் மண்டையில் உதிக்கவேயில்லை.

மாப்பிள்ளை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்கப் பாக்க மாடிப்படி ஏற வேண்டியிருக்கு பாரு" என்று கொக்கி ஒவ்வொரு தளத்திலும் மூச்சு வாங்கினார். "வைத்தியர் வீட்டுல மருந்து இல்லாத மாதிரி. ஒண்ணு சொல்றேன். ஆளு கையில ஸ்பானர் இருக்கும். நீ முன்னால போ. உன்ன மாதிரி படிச்ச புள்ளைய அடிக்க மனசு வராது."

அறைக்குள் கிரீஸ் வாடையும் சூடும் நிறைந்திருந்தன. பெரிய சக்கரத்தின் அருகே மண்டியிட்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். சவரம் செய்யாத முகம். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றியது.

"மாமா அனுப்பினாரா?" என்றார்.

"ஆமா. ப்ரேக் பேட் எங்க, சார்?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

"ஞாபகம் இல்ல."

"யார்டு வரைக்கும் போய், சக்கரத்தக் கழட்டி, தூக்கிப் போடுறதுக்காக எடுத்தீங்களா?" என்றார் கொக்கி. "குப்பத் தொட்டிக்கு இவ்வளவு மரியாத குடுக்கிற ஆள் நீங்கதான் சார்."

அவர் தலையைக் குனிந்தார். சுருதிக்காரர் சொன்ன அதே குனிவு. குற்றவாளியின் குனிவு என்று நானும் எழுதிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவர் கை, காலடியில் இருந்த கருவிப்பெட்டியை மெதுவாகப் பின்னால் தள்ளியது.

"பெட்டியத் தொறங்க சார். சாயங்காலம் உங்க மாமனார் ஸ்டேஷனுக்குப் போறாரு. நீங்க கொலை பண்ணீங்கன்னு எழுதிக் குடுத்துட்டு, உங்க குட்டியக் கூட்டிட்டுப் போகப் போறாரு" என்றேன்.

'குட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பெட்டியைத் தள்ளுவதை நிறுத்தினார். அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் திறந்தார். கருவிகளுக்கு அடியிலிருந்து ஒரு குழந்தையின் காலுறையை எடுத்தார். பூனை முகம் போட்ட மஞ்சள் காலுறை. அதற்குள் உள்பக்கத்துப் பேட் இருந்தது.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பேடில் ஒன்றுமே மிச்சமில்லை. வெறும் இரும்பு. ஓரத்தில் நாக்கு இருந்தது. அது தட்டைத் தொடாதபடி வெளிப்பக்கமாக வளைக்கப்பட்டிருந்தது.

"உங்க குறட்டக் காட்டுங்க" என்றேன்.

கொடுத்தார். தடித்த, பெரிய பல் வைத்த குறடு. லிஃப்ட் கம்பியைப் பிடித்து இழுக்கிற சாமான். அதன் மூக்கு, சக்கரத்துக்கும் கவ்விக்கும் நடுவே நுழையவே நுழையாது. நுழைந்தாலும் இரும்பைக் கடித்துத் துப்பியிருக்கும்.

நாக்கில் ஒரு கடிகூட இல்லை. ஒரு புருவத்தைப் போல அழகாக, தழும்பே இல்லாமல் வளைந்திருந்தது.

கொக்கியைப் பார்த்தேன். அவர் பேடையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அந்தப் பல்லில்லாத குறட்டைக் கேலி செய்தவர் அவர்தான். கீச்சைச் சரி பண்ணியது யார் என்று காலையில் நான் கேட்கவேயில்லை.

"மாமாவா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளை பேடை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அவ குட்டியக் கூட்டிக்கிட்டு அவங்கப்பா வீட்டுக்குப் போயிருந்தா. எனக்கு வேலை. அப்பா, கார் கத்துதுப்பான்னு சொல்லியிருக்கா. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காதுதான் தெரியும். வண்டிய வாசல்ல மெதுவா உருட்டச் சொல்லி, கூடவே குனிஞ்சு நடந்து கேட்டிருக்காரு. ஸ்டீரிங்க முழுசா திருப்பச் சொல்லி, தரையில படுத்து, பின்னால கைய விட்டு, ஒரு தகடு உரசுதுன்னு கண்டுபுடிச்சுட்டாரு. கண்டுபுடிச்சு..."

அவர் அந்த வளைவை விரலால் காற்றில் வரைந்தார்.

"சாயங்காலம் வந்து எங்கிட்ட அவ்ளோ பெருமையா சொன்னா. நீங்க ஒரு வாரமா பாக்கறேன் பாக்கறேன்னு சொன்னீங்க, எங்கப்பா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு பாத்தீங்களான்னு. என்னத் தோக்கடிச்சுட்டோம்னு அப்பாவும் பொண்ணும் போன்ல சிரிச்சாங்க."

"நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்மா. வெளியில நின்னு சக்கரத்து ஓட்ட வழியா எட்டிப் பாத்தேன். பேட் தடியாத்தான் தெரிஞ்சுது. சத்தமும் நின்னுபோச்சு. விட்டுட்டேன்." கண்ணைத் துடைக்காமலே சொன்னார். "சக்கரத்தக் கழட்டிப் பாத்திருக்கணும். அது என் வேல. அவர் வேல இல்ல."

"இத அவர்ட்ட சொல்லியிருக்கலாமே. கொலைகாரன்னு பேர் எடுத்துக்கிட்டு ஏன் சார் நிக்கிறீங்க?" என்று கேட்டவர் கொக்கி. அதில் நக்கல் இல்லை.

"அவர் இப்ப எந்திரிக்கிறாரு, குளிக்கிறாரு, வேல பாக்கறாரு. எதனாலன்னு நெனைக்கிறீங்க? எம்மேல இருக்கிற கோவம்தான். அதையும் புடுங்கிட்டு இத அவர் கையில குடுக்கச் சொல்றீங்களா? அவ உயிரோட இருந்தா குடுக்க விடுவாளா?"

"குட்டிய அவர் கூட்டிட்டுப் போனா?" என்றேன்.

அவர் காலுறையை மடித்து மடித்து மிகச் சிறியதாக ஆக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தெரியாம நான்தான் வளைச்சேன்னு சொன்னா ஜெயில்ல போடுவாங்களா?"

நாங்கள் போனபோது சுருதிக்காரர் புறப்படத் தயாராக நின்றார். சலவைச் சட்டை. பாலிஷ் போட்ட ஷூ, நாடா இறுகக் கட்டியிருந்தது. மேசையில் அந்தக் குறடும், காலையில் வளைத்த கம்பியும் அப்படியே கிடந்தன.

வழி முழுக்க மனதுக்குள் எழுதி எழுதி அழித்த வாக்கியங்களில் ஒன்றைச் சொன்னேன். "குழாய யாரும் அறுக்கல, சார். வண்டி பழசு. ஒரு ஊசி துருப்பிடிச்சு, ஒரு பக்கத்து பேட் மட்டும் தேஞ்சுபோச்சு. வெளியில நின்னு பாத்தா யாருக்கும் தெரியாது. யாரும் வேணும்னு எதுவும் பண்ணல."

ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனாலும் என் காது சூடானது.

"தேஞ்சா சத்தம் வரும்மா" என்றார் அவர். "பியானோ சுத்தியல்ல கம்பளி தேஞ்சாக்கூட எனக்கு அடுத்த தெருவுலேந்து தெரியும். தேயற எதுவும் சும்மா தேயாது. அவ வண்டி ஏன் சொல்லல?"

"பின்னால பேரிங் சத்தம் இருந்துச்சுல்ல சார், அதுல..."

"அதுக்கு முன்னால. தேய ஆரம்பிச்சப்ப. ஏதாவது சொல்லியிருக்கணுமே."

நான் கொக்கியைப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவருகே காலடிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார். கையில் பேடோடு அந்த மஞ்சள் காலுறை.

"சொல்லுச்சு, மாமா. நான்தான் வாய அடைச்சேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ப்ரேக்குல ஒரு தகடு இருக்கும். தேஞ்சா கத்துறதுக்கு. அது என்னன்னு தெரியாம நான்தான் வளைச்சுவிட்டேன். அதான் பேட எடுத்து ஒளிச்சு வச்சேன். அவ செத்தது என்னாலதான். வேணும்னு பண்ணல. ஸ்டேஷன்ல எங்க வேணும்னாலும் சொல்றேன்."

சுருதிக்காரரின் முகத்தில் முதலில் வந்தது ஒரு வெற்றி. நான் சொன்னேனே என்பது போல என் பக்கம் திரும்பினார். பிறகு, "குடு" என்று கையை நீட்டினார்.

மாப்பிள்ளை தயங்கினார். "எதுக்கு மாமா, விடுங்க."

"என் பொண்ணக் கொன்னத நான் பாக்கக் கூடாதா? குடு."

வாங்கிக்கொண்டார். இரும்பைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் கட்டைவிரல்தான் முதலில் போனது. நாக்கின் அடியிலிருந்து நுனி வரை தடவியது. நின்றது. மறுபடியும் அடியிலிருந்து தடவியது.



"எதால வளைச்ச?" என்றார்.

"குறட்டால, மாமா."

"எந்தக் குறடு?"

"என்னோடது."

"உன்னோடதுல பல்லு இருக்கும்."

சுருதிக்காரர் மேசைப் பக்கம் போய், காலையில் வளைத்த கம்பியை எடுத்து அந்த நாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே கை போட்ட இரண்டு கையெழுத்து. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் உயரம் குறைந்துகொண்டே வந்தது போல எனக்குத் தோன்றியது.

"கத்துதுப்பான்னு சொன்னா" என்றார். எங்களில் யாரிடமும் இல்லை. "நான் அவகிட்ட, அது ஒண்ணுமில்லடா, இனிமே கத்தாதுன்னு சொன்னேன்."

"மாமா, அது உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். நான்..."

"நீ பேசாத" என்றார். கோபமாக இல்லை. காலையில் அந்தக் குரலில் இருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "உன்ன நான் என்னென்ன சொன்னேன். நீ நின்னு கேட்டுக்கிட்டே இருந்த."

அவர் பியானோ முக்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். மாப்பிள்ளை அவர் முன்னால் மண்டியிட்டு, ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. விரல் நுனியால் நெம்பித் தளர்த்தினார். இனி யாரும் ஸ்டேஷனுக்குப் போகப் போவதில்லை என்பது அந்த முடிச்சு அவிழும்போதுதான் எனக்கு உறைத்தது.

"குட்டி எங்க?"

"பக்கத்து வீட்டுல விளையாடுறா மாமா. தாத்தா ஏன் வரலன்னு தினமும் கேக்குறா. வாங்க, போலாம். அங்கயே இருங்க."

அவர் தலையாட்டினாரா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை. மேசையில் இருந்த குறட்டைக் கையில் எடுத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வழுவழுப்பான தாடையை நாக்கின் மேல் வைத்து, நூல் நூலாக அழுத்தி, அது முதலில் இருந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார். அவசரப்படவில்லை. தழும்பு விழவில்லை. வேலை முடிந்ததும் நகத்தால் ஒரு முறை சுண்டினார். மெல்லிய, சுத்தமான ஒரு ஒலி எழுந்து அறைக்குள் நின்றது. அது முழுவதும் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இப்ப கத்தும்" என்றார்.